ஏழு வீட்டுத் தாத்தா

மேலகரத்தில் செத்துப்போன தாத்தாக்களுக்கெல்லாம் முகம் கிடைத்தது போன ஆனி மாதத்தில்தான். அதுவரைக்கும் அவர்கள் வெறும் பெயர்கள். பழைய பத்திரத்தில் ஒரு பெருவிரல் ரேகை, அவ்வளவுதான். போட்டோ என்ற ஒன்றைக் கண்ணால் காணாமலே போய்ச் சேர்ந்த சனம். அவர்களுக்கு மூக்கும் முழியும் வைத்துக் கொடுத்தவன், பஸ் ஸ்டாப்புக்கு எதிரே டிசைன் கடை வைத்திருக்கும் சிவனணைந்தபெருமாள்.

பெயர்தான் அவ்வளவு நீளம். ஆள், நாலு பேர் நிற்கும் இடத்தில் ஐந்தாவதாகப் போய் நிற்கவே யோசிப்பான். வயது முப்பத்துநாலு. கல்யாண பேனர், சடங்கு பேனர், கண்ணீர் அஞ்சலி, குற்றாலத்து லாட்ஜ்களுக்கு விலைப்பட்டியல் என்று தலையைக் குனிந்தபடியே செய்துகொண்டிருந்தவனுக்கு, கம்ப்யூட்டரே படம் வரையும் சங்கதி வந்ததும் கை பரபரத்தது. வெள்ளைக்காரன் ஓசியில் விட்டிருந்த ஒரு மாடலை நெட்டிலிருந்து இறக்கினான். "எண்பது வயசுத் தமிழ்நாட்டுத் தாத்தா, வேட்டி, தலப்பா" என்று இங்கிலீஷில் தட்டினால் அது ஒரு தாத்தாவைக் கொடுத்தது. அந்தத் தாத்தா பம்பாய் ஷோரூம் வாசலில் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கிற பொம்மை மாதிரி இருந்தார்.

"ஏலே, எங்க தாத்தா வண்டி மாடு பத்துனவரு. இது என்ன பாலுல குளிச்சவன் மாதிரி இருக்கு?" என்றார் முதல் கிராக்கி.

பொம்மையை ஊர்த் தாத்தாவாக்க உள்ளூர்ச் சரக்கு ஒன்று வேண்டியிருந்தது. அது பெருமாளிடம் இருந்தது. எங்கே இருந்தது, எப்படி வந்தது என்பதைத்தான் அவன் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. பெற்ற தாய்க்கும் சொல்லவில்லை, கட்டிய பெண்டாட்டி இசக்கிசெல்விக்கும் சொல்லவில்லை.

அவன் அப்பா சொரிமுத்து, மெயின் அருவிக் கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆள். தோளும் மாருமாக, கருங்காலியில் கடைந்தெடுத்த மாதிரி இருப்பார். அருவிக்குப் போகிற வழியில் ஒரு ஸ்டுடியோ இருந்தது. அருவியைப் படுதாவில் வரைந்து வைத்து, நிஜ அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்களை அதன் முன்னால் நிறுத்திப் படம் பிடிப்பார்கள். கண்ணாடி அலமாரியில் காட்டிவைக்க அந்த முதலாளிக்கு ஒரு நல்ல முகம் தேவைப்பட்டது. வருஷா வருஷம் சீசனுக்கு முன்னால் சொரிமுத்துவைக் கூப்பிட்டுவிடுவார். டெலிபோன் பிடித்தபடி ஒன்று, மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி ஒன்று, துண்டை உதறித் தோளில் போட்டபடி ஒன்று. இப்படி நாற்பத்தொரு படம் சேர்ந்தபோது ஆள் செங்கோட்டை தாண்டிக் கொல்லத்துப் பக்கம் போனார். சீசனுக்குக் குளிக்க வந்த ஒருத்தி பின்னால் போனதாகப் பேச்சு. போனவர் போனவர்தான். அப்போது பெருமாளுக்கு வயது பன்னிரண்டு.

அம்மா செண்பகவல்லி வீட்டிலிருந்த படங்களையெல்லாம் அடுப்பில் வைத்தாள். தாலியை மட்டும் கழற்றவில்லை. கழற்றச் சொல்லவும் யாருக்கும் தைரியம் இல்லை. புடைக்கிற சொளவில் பீடி இலையும் தூளும் பரப்பி, மடியில் வைத்து, பீடி சுற்றிச் சுற்றியே மகனை ஆளாக்கினாள். யாராவது பேச்சுவாக்கில் சொரிமுத்து என்று ஆரம்பித்தால் சொளவை ஒரு தட்டுத் தட்டுவாள். வந்தவர் அதோடு எழுந்துகொள்ள வேண்டியதுதான்.

பெருமாள் வேலை கற்றுக்கொண்டது அதே ஸ்டுடியோவில். கடையை மூடும்போது முதலாளி மகன், "உங்க அப்பா நெகட்டிவ் கெடக்கு, வேணும்னா எடுத்துக்கோ" என்று ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொடுத்தார். அந்த டப்பா பத்து வருஷமாகக் கடையில் பிரிண்டருக்குப் பின்னால் இருந்தது.

அந்த நாற்பத்தொன்றையும் ஸ்கேன் செய்து, நெட்டில் வாடகைக்குக் கிடைக்கிற பெரிய கம்ப்யூட்டருக்கு அனுப்பி, சின்னதாக ஒரு மாடல் பழக்கினான். பழைய ஸ்டுடியோ வெளிச்சம், அந்தக் கறுப்பு, அந்தப் பளபளப்பு எல்லாம் அதில் ஏறிவிட்டன. பிறகு வெள்ளைக்காரன் மாடலையும் இதையும் கலந்து மூன்றாவதாக ஒன்று உண்டாக்கினான். நூற்றுக்குப் பத்துப் பங்கு இதைக் கலந்தால் பம்பாய்ப் பொம்மைக்கு லேசாக வெயில் பட்ட மாதிரி இருந்தது. இருபது கலந்தால் காலண்டர் சாமி. முப்பதில் அசல் தென்காசித் தாத்தா, யாரும் குறை சொல்ல முடியாத தாத்தா வந்துவிட்டார்.

முப்பதில் நிறுத்தியிருக்கலாம். அவன் நாற்பத்தைந்துக்குத் தள்ளினான்.

கிராக்கிக்காகத் தள்ளவில்லை. நாற்பத்தைந்தில் அறுபது வயது என்று தட்டினால் திரையில் வந்தவர் அறுபது வயதுச் சொரிமுத்து. எண்பது என்று தட்டினால் எண்பது வயதுச் சொரிமுத்து. முப்பத்தெட்டு வயதோடு நின்றுபோன அப்பாவுக்கு முடி நரைத்தது, கன்னம் வற்றியது, கண்ணுக்குக் கீழே பை விழுந்தது. பெருமாள் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து பார்த்தான். சுடலைமுத்து வீட்டுத் தாத்தாவுக்குத் தலைப்பாகை கட்டியதும், கிங்ஸ்லி வீட்டுப் பாட்டனாருக்கு வேதப்புத்தகம் கொடுத்ததும் அதற்குப் பிறகுதான். ஆடி அமாவாசைக்குள் ஏழு வீட்டுக்கு ஏழு படம், பிரேம் போட்டுப் பேப்பர் சுற்றிக் கொடுத்தாயிற்று.

சும்மா சொல்லக்கூடாது, ஏழு வீட்டாருக்கும் பரம திருப்தி. "எங்கயோ பாத்த மொகமா இருக்குலே" என்றார் சுடலைமுத்து. சீசனில் குற்றாலத்தில் மங்குஸ்தானும் ரம்புத்தானும் விற்கிறவர், நாற்பத்தைந்து வயது. "சொந்தத் தாத்தாம்லா. பாத்த மாதிரிதான இருக்கும்" என்று தனக்குத்தானே பதிலும் சொல்லிக்கொண்டார்.

இடது தாடையில் ஒரு தழும்பு இருந்தது. நாற்பத்தொரு படத்திலும் இருந்த தழும்பு. மாடல் அதையும் படித்துக்கொண்டு ஏழு தாத்தாவுக்கும் ஒழுங்காக வைத்துவிட்டது. அதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை பிறந்தது. ராயகிரியிலிருந்து வந்து குடியேறிய ரிட்டயர்டு எஸ்.ஐ. மணிமுத்து, தன் தாத்தா கள்ளனோடு மல்லுக்கு நின்றபோது பட்ட அரிவாள் வெட்டு என்றார். கிங்ஸ்லி, தன் பாட்டனார் ஊழியத்துக்குப் போன இடத்தில் விழுந்த கல்லடி என்று சபையில் சாட்சியே சொல்லிவிட்டார்.

ஆடி அமாவாசை அன்று காலையிலிருந்தே சாரல். சுடலைமுத்து, படுக்கையில் கிடக்கும் தகப்பனாருக்குப் பதிலாக அருவிக்கரையில் தர்ப்பணம் கொடுத்துவிட்டு ஈரத்தலையோடு வந்தார். தாத்தா படத்துக்கு முதல் படையல் என்பதால் தெருவில் பத்துப் பேருக்குச் சாப்பாடு சொல்லியிருந்தார். செண்பகவல்லிக்கு நல்ல இடமாகப் பார்த்து, படத்துக்கு நேர் எதிரே இலை போட்டாள் சுடலைமுத்து பெண்டாட்டி முப்பிடாதி.

அவியல், வாழைக்காய்ப் பொரியல், பருப்பு வடை எல்லாம் வைத்தாயிற்று. முப்பிடாதி சாம்பார் வாளியோடு குனிந்தபோது செண்பகவல்லி சோற்றில் குழி பறித்துவிட்டு நிமிர்ந்தாள். சாம்பார் குழி நிறைந்து இலையில் ஓடியது. அவள் அணை கட்டவில்லை.

"யக்கா, சாம்பாரு ஓடுது பாருங்க. என்னத்தப் பாக்கிய? எங்க தாத்தா மாமனாரு. நம்ம பெருமாளு போட்டதுதான். உசுரோட உக்காந்திருக்காப்ல இல்ல?"

"யாரு தாத்தா?"

"அவுக தாத்தாதான். ஏங்க்கா?"

"மாலைய எடு."

"என்னது?"

"மாலைய எடுங்கேன். அது எங்க வீட்டுக்காரவுக."

பந்தியில் வடை கடிக்கும் சத்தம் நின்றது. முப்பிடாதிக்குச் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியவில்லை. "என்னக்கா பேசுதிய, நல்ல நாளும் அதுவுமா?"

"தாடையில பாருட்டி. எண்ணெச் சட்டி சரிஞ்சு வெந்தது. நான்தான் பச்சிலை வச்சுக் கட்டுனேன். உசுரோட இருக்க மனுசனுக்கு மாலையும் போட்டு, பொட்டும் வச்சு, எனக்கு எதுக்கால தொங்கவிட்டு, எனக்கே சோறும் போடுதியளே."

இலையை மூடாமல் எழுந்தாள். படையல் வீட்டில் சாப்பிடாமல் இலையை விட்டு எழுவது எவ்வளவு பெரிய காரியம் என்று அவளுக்குத் தெரியும். மழையில் முந்தானையைத் தலையில் போடாமலே தெருவில் நடந்து போனாள்.

பிறகு என்ன, அரை மணி நேரத்தில் ஏழு வீட்டிலும் தாத்தாக்களின் தாடையைத் துண்டால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்கள். ஏழு தாடையிலும் ஒரே தழும்பு. டீக்கடையில் பெஞ்சு நிறைந்துவிட்டது.

"ஏழு வீட்டுத் தாத்தாவும் சொரிமுத்து சாடையா?" என்றது ஒரு குரல்.

"அப்பம் சொரிமுத்துக்குத் தாத்தா லேசுப்பட்ட ஆள் இல்ல வே. ஏழு வீட்டுலயும் தண்ணி குடிச்சிருக்காரு."

"தண்ணியோட விட்டாரா?"

இந்தச் சிரிப்பு எதிர்ப் பக்கத்துக் கடைக்குள் உட்கார்ந்திருந்த பெருமாளுக்கு நன்றாகக் கேட்டது. காது மடல் சூடாகி, கன்னமெல்லாம் எரிந்தது. சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவந்த இசக்கிசெல்வி அதை நங்கென்று மேஜையில் வைத்தாள்.

"கடைசியில என்னைய ஏழு வீட்டுக்கு மருமவளாக்கிட்டிய. எங்க மாமா மொகத்த நான் மணிமுத்து சார் வீட்டுலதான் போய்ப் பாக்கணுமோ?"

"கலக்கும்போது கூடிப்போச்சு செல்வி."

"கூடுனா கொறைக்கத் தெரியாதா? கலியாண படத்துல பொண்ணு மூஞ்சியில ஒரு பரு இருந்தா நிமிசத்துல அழிப்பியள. அந்தத் தழும்ப அழிக்க எவ்வளவு நேரம் ஆவும்?"

ரெண்டு செகண்டு ஆகும். அவன் தூக்கின் மூடியைத் திறந்து திரும்ப மூடினான்.

அவள் அவனையே பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அவனுக்கும் புரிந்தது. அது டீக்கடைச் சிரிப்பைவிட மோசமாக இருந்தது. "அத்த கதவச் சாத்திட்டு உள்ள இருக்காவ" என்றாள் குரலை இறக்கி. "ஒரே ஒரு வார்த்ததான் சொன்னாவ. அவனே போயி, ஏழு வீட்டுலயும், அது யாருன்னு அவன் வாயாலயே சொல்லிட்டு வரட்டும். அதுவரைக்கும் எங்கண்ணு முன்னால வரவேண்டாம்னு."

பெருமாள் குடையை எடுக்காமல் இறங்கினான்.

முதலில் கிங்ஸ்லி வீடு. கிங்ஸ்லி கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. படத்தைக் கழற்றிப் பழைய செய்தித்தாளில் சுற்றி, நூல் போட்டுக் கட்டித் தயாராக வைத்திருந்தார்.

"சார், அது எங்க அப்பா சார். நான் கலந்த மாடல்ல..."

"தெரியும் தம்பி. கர்த்தர் உங்களுக்குச் சமாதானம் தருவாரு." பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்தினார். உள்ளே அவர் மனைவி எப்சிபா, "கல்லடின்னு சபையில சொல்லிட்டிய. இனி எந்த மொகத்த வச்சுக்கிட்டு ஞாயித்துக்கெழம போவ?" என்று கேட்பது காதில் விழுந்தது.

மணிமுத்து படத்தை இறக்க மாட்டேன் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். "இவ்வளவு மீசை எங்க தாத்தாவுக்கு இருந்திருக்கவே செய்யாதுடே. சொந்தக்காரன்வ எல்லாம் வந்து பாத்து வயிறு எரிஞ்சிட்டுப் போயாச்சு. உங்கப்பனா இருந்தா என்ன, எனக்குத் தாத்தாவா இருந்துட்டுப் போறாரு."

"அந்தத் தழும்பு சார்..."

"அது அருவா வெட்டு. எங்கிட்ட வச்சுக்கிடாத."

மற்ற நான்கு வீட்டிலும் வாசலோடு சரி. ஒரு வீட்டில் படத்தைக் கையில் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் வாசலில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். நனைந்த பிரேம்களை அடுக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைசியாகச் சுடலைமுத்து வீட்டுக்கு வந்தான். மத்தியானம் பத்துப் பேர் உட்கார்ந்த இடத்தில் முப்பிடாதி தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாலே" என்றார் சுடலைமுத்து. "ஏழு வீட்டையும் ஒரே ஆளக் கும்பிட வச்சிட்டேலா."

"அண்ணாச்சி, அது எங்க அப்பா."

"அதான் ஊரே சொல்லுதே. எப்பிடிலே வந்தாரு அங்கன? நீ என்னமோ ரெண்டக் கலக்குதேன்னு சொன்ன. மாமரத்துல ஒட்டுக் கட்டுத மாதிரியா?"

"ஒட்டுன்னா அடிமரம் வேற, மேமரம் வேறன்னு தெரியும் அண்ணாச்சி. இது பெயிண்டக் கலக்க மாதிரி. கலந்த பெறவு பிரிக்க ஏலாது. ஆனா எத்தன பங்கு ஊத்துதோம்கது நம்ம கையிலதான் இருக்கு. நான் கூட ஊத்திட்டேன். தெரிஞ்சேதான் ஊத்துனேன். அவரு வயசானா எப்படி இருப்பாருன்னு பாக்கணும்போல இருந்துச்சு."

முப்பிடாதியின் கை விளக்குமாற்றில் நின்றது. சுடலைமுத்து உள்ளறையைக் காட்டினார். அங்கே கட்டிலில் அவர் தகப்பனார், எழுபத்தெட்டு வயது, ஒரு பக்கம் வாதத்தில் விழுந்தவர், சுவரைப் பார்த்தபடி கிடந்தார். படம் கூடத்திலிருந்து அங்கே மாறியிருந்தது. மாலை மட்டும் இல்லை.

"எங்கய்யா ரெண்டு வயசுல தகப்பனப் பறிகொடுத்தவரு. மூஞ்சி எப்பிடி இருக்கும்னே தெரியாது. நீ படத்தக் கொண்டாந்து கூடத்துல மாட்டுன அன்னைக்கு, கட்டில்லேருந்தே பாத்துட்டு 'எய்யா'ன்னு ஒரு சத்தம் போட்டாரு பாரு. வாதம் வந்து மூணு வருசத்துல அவரு பேசுன மொத வார்த்தடே அது. தெனமும் காலையில அதுகூடத்தான் என்னமோ பேசுதாரு."

"அண்ணாச்சி, வேற படம் போட்டுத் தாறேன். முப்பது பங்குல..."

"வேற மூஞ்சியக் காட்டி, இதுதான் உங்க அப்பன், முன்னால காட்டுனது வேற ஆளுன்னு நான் சொல்லவா? நீ சொல்லுதியா?"

பெருமாள் கிழவரைப் பார்த்தான். அவர் இவனைப் பார்க்கவில்லை. வாயின் ஒரு ஓரம் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. இந்த ஊரில் அந்த முகத்தோடு பேசிவிட ஆசைப்பட்டவன் தான் ஒருத்தன்தான் என்று பெருமாள் நினைத்திருந்தான். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

"ஏய்யா, துண்டு தரட்டா? நனைஞ்சிருக்கியே" என்றாள் முப்பிடாதி. மத்தியானம் படையல் பாழாகிப்போனதும் அவள் வீட்டில்தான்.

வீட்டில் செண்பகவல்லி கதவைத் திறந்துதான் வைத்திருந்தாள். சாயங்கால வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. சொளவு மடியில் இருந்தது, கை பாட்டுக்கு இலையை உருட்டித் தலை மடக்கி நூல் சுற்றியது. மகன் கக்கத்திலிருந்த பிரேம்களை எண்ணினாள்.

"அஞ்சு இருக்கு."

"ரெண்டு வீட்டுல எறக்கமாட்டோம்னுட்டாவ." யார் யார், ஏன் என்று சொன்னான். கிழவர் 'எய்யா' என்று கூப்பிட்டதைச் சொல்லும்போது அவள் நூல் அறுந்தது.

"சொன்னியா? அது யாருன்னு?"

"சொன்னேன்."

"ஏன் செஞ்சன்னு கேட்டாவளா?"

"ம்."

"சொன்னியா?"

அவன் தரையைப் பார்த்தான். "அழிச்சிருதேம்மா. மாடல், நெகட்டிவ் எல்லாத்தையும். இனி இந்தச் சோலியே வேண்டாம்."

"அந்தப் பெட்டியத் தெற."

"யம்மா..."

"தெறங்கேன்."

லேப்டாப்பைத் திறந்தான். அறுபது வயது என்று அவன் முதன்முதலில் வரவழைத்த படம். தலைப்பாகை இல்லை, வேதப்புத்தகம் இல்லை, வெறும் சட்டை போட்ட சொரிமுத்து. செண்பகவல்லி சொளவை இறக்கி வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்து உட்கார்ந்தாள். இசக்கிசெல்வி அடுப்படி நிலையில் வந்து நின்றாள்.

செண்பகவல்லி படத்தை வெகுநேரம் பார்த்தாள். சொளவைத் தட்டுவது மாதிரி மேஜையை ஒரு தட்டுத் தட்டப்போகிறாள் என்று பெருமாள் காத்திருந்தான்.

"இம்புட்டு முடி கெடையாது" என்றாள்.

"என்னம்மா?"

"முன்னால வழுக்க விழுந்தாச்சு. கொற. தோளு இப்பிடி நிமிந்திருக்காது, எடது பக்கம் சரிஞ்சிருக்கும், மூட்ட தூக்கித் தூக்கி. கண்ணாடி போடு. ஒரு பக்கக் காது கொக்கி ஒடஞ்சு, நூலு வச்சுக் கட்டுன கண்ணாடி."

பெருமாளின் விரல் விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டது. "ஒனக்கு எப்பிடிம்மா தெரியும்?"

அவள் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கழுத்திலிருந்து நெற்றி வரைக்கும் அவள் முகம் சிவந்ததை இருபத்திரண்டு வருஷத்தில் அவன் முதல்முறையாகப் பார்த்தான்.

"மூட்டு வலிக்கு மருந்து வாங்கணும்னு மாசத்துக்கு ஒருக்க செங்கோட்டைக்குப் போவேம்லா. மருந்துக் கடைக்கெல்லாம் போறதில்ல, டேசன்ல ஒரு தூணுக்குப் பின்னால நிப்பேன். கொல்லம் வண்டியில சிப்ஸ் மூட்ட கொண்டாந்து எறக்குவாரு. எறக்கிட்டு அடுத்த வண்டியிலயே ஏறிப் போயிருவாரு. அவ்வளவுதான். நான் பேசுனதெல்லாம் கெடையாது."

"எத்தன வருசமா?"

"ஆச்சு, ஒரு ஏழெட்டு."

அடுப்படி நிலையில் இசக்கிசெல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே ஓட்டில் சாரல் விழும் சத்தம். டீக்கடைச் சனத்துக்கு இந்தச் சங்கதி மட்டும் கிடைத்திருந்தால் ஒரு மாதத்துக்கு வேறு பேச்சே இருந்திருக்காது.

பெருமாள் வழுக்கையைக் கூட்டினான். தோளைச் சரித்தான். கண்ணாடியை மாட்டினான். ஒவ்வொன்றுக்கும் அவள் "இன்னும் கொஞ்சம்" என்றாள், பிறகு "போதும்" என்றாள். கடைசியில் திரையில் இருந்தவர் எந்த வீட்டுச் சுவரிலும் மாட்ட லாயக்கில்லாத, ரயிலைப் பிடிக்க அவசரப்படுகிற ஒரு சாதாரணக் கிழவர்.

"அடுத்த மாசம் நானும் வரட்டாம்மா?"

செண்பகவல்லி எழுந்து சொளவை மடியில் வைத்துக்கொண்டாள். இலையொன்றை எடுத்து, தூள் வைத்து உருட்டி, தலை மடக்கினாள்.

"வா. ஆனா தூணுக்கு அந்தப் பக்கமே நின்னுக்கணும். கிட்ட வந்திராத. நம்மளப் பாத்தா அவரு வெக்கப்படுவாரு."